பிள்ளையின் உயிருக்கு யார் பொறுப்பு?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்து இரவு. மறுநாள் காலை பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளிவர இருந்தன. மயிலாப்பூர்ப் பகுதியில் நான் அப்போது பணியாற்றிய பள்ளிவாசலில் இஷாத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு நன்கு பழக்கமான ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்து வந்தார். “ஹஜ்ரத், பையனுக்குக் கொஞ்சம் ஓதி ஊதுங்க. நாளைக்கு ரிசல்ட்டு. டாக்டருக்குப் படிக்க வைக்கணும்னு வீட்லே எல்லாருக்கும் நிய்யத்து” என்றார்.

ஓதி ஊதினேன். துஆச் செய்தேன். தகப்பனார் யாரிடமோ பேசுவதற்காக வெளியே சென்றார். தலைகுனிந்தபடி நின்றிருந்த பையன் மெல்லக் கேட்டான்: “ஹஜ்ரத், போன மாசம் ஜும்ஆ பயான்லே தற்கொலையைப் பத்திச் சொன்னீங்க. அந்த நெனப்பு மனசுலே வந்தாலே ஈமான் போயிடுமா?”

அந்தப் பயான் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பத்திரிகையில் வந்த ஒரு செய்தியைப் படித்த வேகத்தில், குரலை உயர்த்தி, நரக வேதனையை விவரித்துப் பேசியிருந்தேன். பேசியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் முந்நூறு பேரில் அந்த வேதனையோடு ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. தான் காஃபிராகிவிட்டோமோ என்று பயந்து, அந்தப் பிள்ளை ஒரு மாத காலம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறான். உதவி கேட்டு வரவேண்டிய வாசலை நானே சாத்தியிருக்கிறேன்.

“இல்லை தம்பி, நினைப்பு வந்ததனால் ஈமான் போய்விடாது. உள்ளத்தில் வந்து போகும் எண்ணங்களை, அவற்றைச் செயலில் காட்டாத வரையில், இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்துவிட்டான். இப்படி உட்கார், எல்லாவற்றையும் சொல்” என்றேன். அவன் சொன்னான். முடிவில், “அத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஹஜ்ரத்” என்று கேட்டுக்கொண்டான். பின்னர் நடந்ததைக் கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன். அந்த இரவு முதல் என்னைவிட்டு அகலாத கேள்வியை முதலில் வாசகர்கள் முன் வைக்கிறேன். தற்கொலை ஹராம் என்பதில் நம்மிடையே இரண்டு கருத்து இல்லை. அந்த ஹராம் என்ற சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது? மனம் உடைந்த அந்தப் பிள்ளையை மட்டுமா? அல்லது அவனைச் சுற்றி நிற்கும் நம் அனைவரையுமா?

திருமறை யாரைப் பார்த்துப் பேசுகிறது?

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வது கூடாது என்பதற்கு உலமாக்கள் எடுத்துக்காட்டும் ஆதாரம் சூரா அந்நிஸாவின் 29ஆம் வசனமாகும். அதில் வரும் ‘அன்ஃபுஸகும்’ என்ற சொல் பன்மையானது. ‘உங்கள் உயிர்களை’ என்பது அதன் பொருள். இமாம் குர்துபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் இதற்கு இரண்டு விளக்கங்களையும் தருகிறார்கள். உங்களில் ஒருவர் மற்றவரைக் கொல்லக்கூடாது என்பது ஒன்று. ஒருவர் தம்மைத் தாமே கொன்றுகொள்ளக்கூடாது என்பது மற்றொன்று. ஒரே சொல் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

வசனத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்பதை அது தடுக்கிறது. அதாவது மனிதர் மனிதருக்குச் செய்யும் அநீதியைப் பற்றிய பேச்சு அது. அந்தப் பேச்சின் நடுவில்தான் இந்தத் தடை வருகிறது. முடிவையும் பாருங்கள். வசனம் வேதனையைக் கூறி முடியவில்லை. அல்லாஹ் நம்மீது இரக்கமுடையவன் என்று கூறி முடிகிறது. தண்டனையைப் பற்றிய எச்சரிக்கை அடுத்த வசனத்தில் வருகிறது. இரக்கம் முன்னாலும் எச்சரிக்கை பின்னாலும் அமைந்திருக்க, நம்முடைய பயான்களில் மட்டும் முன்னது ஏன் காணாமற்போகிறது?

இதே சொல் சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்திலும் வருகிறது. ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும், குத்திப் பேசுவதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹ் அங்கே தடை செய்கிறான். பிறரைக் குத்திப் பேசுவதை ‘உங்களையே’ குத்திப் பேசுவதாக அந்த வசனம் குறிப்பிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவனை நிறத்தாலும் உருவத்தாலும் குடும்ப நிலையாலும் கேலி செய்கிறார்களே, இன்று அது வகுப்பறையோடு நில்லாமல் கைபேசி வழியே இரவிலும் வீட்டுக்குள் வந்து துரத்துகிறதே, அதைப் பற்றித்தான் இந்த வசனம் பேசுகிறது. ஈமான் கொண்டோர் ஒரே உடலைப் போன்றவர்கள் என்பது நபி பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. உடலின் ஓர் உறுப்பு கருகும்போது மற்ற உறுப்புகள் தமக்குப் பொறுப்பில்லை என்று விலகிக்கொள்ள முடியாது.

ஆகவே தற்கொலை ஹராம் என்ற சட்டம் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. அவனை அந்த விளிம்புவரை கொண்டுபோகும் வீட்டாரையும், பள்ளிக்கூடத்தாரையும், ஜமாஅத்தாரையும் அரசையும் அது கட்டுப்படுத்துகிறது. உயிரைக் காத்தல் என்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்), இமாம் ஷாத்திபீ (ரஹ்) ஆகியோர் விளக்கியிருக்கிறார்கள். ஓர் ஊரில் இதற்கான ஏற்பாடு இருப்பது, என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், ஃபர்ளு கிஃபாயாவாகும். சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களின் கடமை நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்துக்கு உள்ளாகும். ஜனாஸாத் தொழுகையை ஃபர்ளு கிஃபாயா என்று நாம் நன்கு அறிந்து வைத்திருக்கிறோம். ஜனாஸா ஆகாமல் காப்பதும் அவ்வாறே என்பதை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை?

மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி

“ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு வராது. வந்தால் அது ஈமானின் குறை” என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். நானே கூறியும் இருக்கிறேன். திருக்குர்ஆன் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

உலகப் பெண்களில் மேலானவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மர்யம் (அலை) அவர்கள், பிரசவ வேதனையிலும் ஊரார் பேச்சுக்கு அஞ்சிய தனிமையிலும், இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டவராகி இருக்கக்கூடாதா என்று கூறியதைச் சூரா மர்யமின் 23ஆம் வசனம் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. அதற்கு வந்த பதில் என்ன? “நீயா இப்படிப் பேசுவது?” என்ற கண்டனம் வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் ஓடும் நீரோடை காட்டப்பட்டது. பேரீச்சங்கனி கிடைத்தது. உண்ணவும் பருகவும் கண்குளிரவும் சொல்லப்பட்டது. ஊரார் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அந்தச் சுமையும் இறக்கிவைக்கப்பட்டது.

சாவை விரும்பிப் பேசிய ஒருவரை எப்படி அணுகுவது என்பதற்கு இதைவிட மேலான பாடம் வேறு என்ன இருக்கிறது? முதலில் ஆறுதல். அடுத்து உணவு, தண்ணீர், ஓய்வு. பிறகு அவரை நெருக்கும் சுமையை இறக்கிவைத்தல். நஸீஹத் இவற்றுக்குப் பின்னர்தான்.

யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுக்கும் அளவுக்கு அழுதார்கள். அவர்களே தம் மற்ற பிள்ளைகளிடம் அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நிராசை கொள்ள வேண்டாம் என்றும் கூறினார்கள். துயரமும் நம்பிக்கையும் ஒரே உள்ளத்தில் இருந்தன. நபி (ஸல்) அவர்களோ, வளர்த்த சிட்டுக்குருவி இறந்துபோனதால் வாடியிருந்த அபூ உமைர் என்ற சிறுவரிடம் அந்தக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே நடத்திச் செல்லும் தலைவருக்கு ஒரு பிள்ளையின் முகவாட்டம் கண்ணில் பட்டது. நம் பள்ளிக்கூடங்களில் வருகைப் பதிவேடு எடுக்கிறார்கள். மதிப்பெண் பதிவேடு எடுக்கிறார்கள். முகவாட்டத்தைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

சட்டத்தையே மாற்றிய கலீஃபா

இனி அரசின் கடமைக்கு வருவோம். உமர் (ரலி) அவர்கள் பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டும் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கி வந்தார்கள். மதீனாவுக்கு வெளியூர் வணிகர் கூட்டமொன்று வந்து தங்கிய இரவில் காவலுக்குச் சென்றபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கும்படி இரண்டு மூன்று முறை சொன்னார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய் உண்மையைச் சொல்லிவிட்டார். பால் மறந்தால்தான் உமர் உதவித்தொகை தருகிறார். ஆகவே இந்தப் பிள்ளையை முன்கூட்டியே பால் மறக்கச் செய்கிறேன் என்பதே அது. அன்றைய சுப்ஹுத் தொழுகையில் கலீஃபாவின் கிராஅத் அழுகையினால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. முஸ்லிம்களின் பிள்ளைகளில் எத்தனை பேரை உமர் கொன்றுவிட்டாரோ என்று தம்மைத் தாமே நொந்துகொண்டார்கள். பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என்று உடனே பறைசாற்றச் செய்தார்கள்.

அந்தத் தாய்க்கு உபதேசம் செய்துவிட்டுப் போயிருந்தால் ஒரு குழந்தையின் அழுகை அன்றிரவு அடங்கியிருக்கலாம். மற்ற வீடுகளில் அழுகை தொடர்ந்திருக்கும். தவறு தாயின் மனத்தில் இல்லை, தாம் வகுத்த விதியில் இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். விதியையே மாற்றினார்கள். பொதுமக்களுக்கான திட்டம் வகுப்போர் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டிய வரலாறு இது.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒத்த ஓர் உதாரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு வீணாகும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போவார்கள். தவறிய பிள்ளை வீட்டில் முடங்கிக் கிடப்பான். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து, முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேரும் வழி பிறந்தது. இதை வற்புறுத்தியவர்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையமும் முக்கியமானவர்கள். மயிலாப்பூருக்கு அருகே ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த மையம் இயங்குகிறது. “தோல்வியைத் தாங்கிக்கொள்” என்று பிள்ளைக்கு உபதேசம் செய்வது ஒரு வழி. தோல்வியின் விலையை ஓராண்டிலிருந்து சில வாரங்களாகக் குறைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழியாகும்.

2017 மே மாதத்தில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு கைவிட்டதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இதுவும் நல்ல சீர்திருத்தம்தான். எனினும் பள்ளி வாசல்களில் அதிக மதிப்பெண் பெற்றவர்களின் படங்கள் இன்றும் பலகைகளில் தொங்குகின்றன. நம் ஜமாஅத் பரிசளிப்பு விழா மேடைகளிலும் அதே பட்டியல்தான் வாசிக்கப்படுகிறது.

பள்ளிக்கூடத்தில் செய்யவேண்டியவை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட மாணாக்கர் 13,044 பேர். அந்த ஆண்டு பரீட்சைத் தோல்வி காரணம் என்று பதிவானவை 2,248. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. மதிப்பெண் ஒன்றே காரணமன்று. வீட்டுப் பிணக்கு, கேலி, அவமானம், பாலியல் தொல்லை, கண்டறியப்படாத மனநோய் என்று பல சுமைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. கடைசியில் ஏறிய சுமையை மட்டும் நாம் காரணம் என்கிறோம்.

2025 ஜூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்து வந்த 17 வயது மாணவியின் மரணம் பற்றிய வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தார்கள். முறையான சட்டம் வரும்வரை பள்ளிகள், கல்லூரிகள், பயிற்சி மையங்கள், விடுதிகள் அனைத்தையும் அவை கட்டுப்படுத்தும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கர் உள்ள இடங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணைக் கொண்டு மாணாக்கரைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கவோ, பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தவோ கூடாது. ஆசிரியர், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி அளிக்க வேண்டும். உதவித் தொலைபேசி எண்களை அனைவரும் காணும்படி வைக்க வேண்டும்.

காகிதத்தில் இவை நல்ல விதிகள். தியாகராய நகர் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் சற்று நேரம் நின்று பாருங்கள். பள்ளிக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பு, பள்ளிக்குப் பின் மற்றொன்று என்று பை சுமந்து ஓடும் பிள்ளைகளைக் காணலாம். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆலோசகரின் பெயர் தெரிந்திருக்கும்? தெரிந்தாலும், அவர் அறைக்குள் நுழைவதை மற்ற பிள்ளைகள் பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்ற பயம் இருக்கும். ஆகவே ஓர் அறையும் ஓர் ஆளும் இருந்துவிட்டால் போதாது. அங்கே போவது இயல்பான காரியமாக வேண்டும்.

இதற்கு ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வு வழி காட்டுகிறது. பத்து நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணாக்கரிடையே நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. மூன்று முறைகளைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது ஒன்று. கேள்வித்தாள் கொடுத்து ஆபத்திலிருக்கும் பிள்ளைகளைக் கண்டறிவது இரண்டாவது. மாணாக்கருக்கே சில வாரங்கள் மனநலத்தைப் பற்றிப் பாடமும் நடித்துப் பார்க்கும் பயிற்சியும் அளிப்பது மூன்றாவது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, மூன்றாவது முறையில் பயின்ற பிள்ளைகளிடையே தற்கொலை முயற்சிகள், எதுவும் செய்யாத பள்ளிகளில் இருந்ததைவிடப் பாதிக்கும் கீழாக இருந்தன. மற்ற இரண்டு முறைகளும் அத்தகைய தெளிவான பயன் தரவில்லை.

இதில் வியப்பில்லை. ஒரு பிள்ளை தன் துயரத்தை முதலில் சொல்வது பக்கத்து இருக்கை நண்பனிடம்தான். அந்த நண்பனுக்கு என்ன சொல்லவேண்டும், யாரிடம் ஓடவேண்டும் என்று யார் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்? திட்டம் வகுக்கும் அதிகாரிகள் ஆசிரியர் பயிற்சியோடு நின்றுவிடாமல், எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க வேண்டும். நம் மதரஸாக்களும் ஹிஃப்ளு வகுப்புகளும் இதற்கு விலக்கல்ல. பாடம் ஒப்பிக்கத் தவறிய பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி இழிவுபடுத்தும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அல்லாஹ்வின் வேதத்தின் பெயரால் அது நடப்பது அதன் குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராகப் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறையேனும் ‘சீ’ என்ற சொல்லைத் தாம் கேட்டதில்லை என்று சாட்சியம் கூறியிருக்கிறார்கள்.

மூன்று ஆட்சேபங்கள்

இவற்றைக் கூறும்போது நம்மவர்களிடமிருந்து மூன்று ஆட்சேபங்கள் எழுகின்றன.

முதலாவது: “அஜல் வந்தால் யார் தடுக்க முடியும்?” அஜல் அல்லாஹ்வின் கையில் இருப்பது உண்மை. ஆனால் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே படையோடு திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் பதிலாக இருந்தது. வறண்ட நிலமும் பசுமையான நிலமும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதிப்படியே. ஆயினும் மேய்ப்பவன் பசுமையைத்தான் தேடுவான் என்று உவமை கூறியும் விளக்கினார்கள். நம் அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995க்குப் பின் இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரமே நிற்கிறது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமலிருந்தால், மனிதர் பிழைத்து வாழ்ந்துவிடுகிறார். வீட்டில் அத்தகைய பொருள்களைப் பூட்டி வைப்பதும் தவக்குலுக்கு முரணானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்டவர்கள் நாம்.

இரண்டாவது: “இதைப் பற்றிப் பேசினால், இல்லாத பிள்ளைக்கும் அந்த எண்ணம் வந்துவிடாதா?” வாடியிருக்கும் ஒருவரிடம் பரிவோடு நேராகக் கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. கேட்டால் அவருடைய பாரம் குறைகிறது என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் முடிவு. தீங்கு விளைவிப்பது வேறு விதமான பேச்சு. நிகழ்ந்த முறையை விவரிப்பது, அதைத் தியாகம் என்று புகழ்வது, படங்களைப் பரப்புவது ஆகியவையே தீங்கு. 2019 நவம்பர் 9ஆம் நாள் அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் கேரளத்து முஸ்லிம் மாணவி ஒருவர் மரணமடைந்தது நம் சமுதாயத்தையே உலுக்கியது. நீதி கேட்டுக் குரல் எழுப்பியது நியாயமே. ஆனால் அந்த நாள்களில் நம்மவர் கைபேசிகளில் சுற்றிய படங்களும் யூகங்களும், அதே நிலையில் தனியே விடுதி அறையில் இருந்த மற்றப் பிள்ளைகளின் மனத்தை என்ன செய்திருக்கும்? கேள்விப்பட்டதையெல்லாம் பரப்பாதிருத்தல் நபிமொழி நமக்கு இட்ட கட்டளை. இங்கே அது உயிர் காக்கும் கட்டளையும் ஆகிறது.

மூன்றாவது: “பிள்ளை ரகசியமாகச் சொன்னதை வெளியே சொல்வது அமானத்துக்குத் துரோகமல்லவா?” ஆலோசகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எழும் கடினமான கேள்வி இது. சபைகளில் பேசப்படுபவை அமானிதமே. ஆனால் அந்த ஹதீஸே அநியாயமாக இரத்தம் சிந்தப்படும் பேச்சை அமானிதத்திலிருந்து விலக்கியிருக்கிறது. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹு விதி. அது தேவையின் அளவைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. ஆகவே உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சொல்லத்தான் வேண்டும். காக்கக்கூடியவரிடம் மட்டும், காப்பதற்குத் தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டும். சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளையிடமும் தெரிவித்துவிட வேண்டும்.

ஜமாஅத்தாரின் பங்கு

இறந்தவர் விஷயத்திலும் நம்மிடம் பெருந்தவறு இருக்கிறது. சில ஊர்களில் இத்தகைய மையித்துக்குத் தொழவைக்கத் தயங்குகிறார்கள். குடும்பத்தாரை ஒதுக்கிப் பார்க்கிறார்கள். தற்கொலை செய்துகொண்டவருக்குக் குளிப்பாட்டித் தொழவைப்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபீ மத்ஹபிலும் ஃபத்வா அவ்வாறே. நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குத் தாமே தொழவைக்காமல் இருந்ததை, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக அமைந்தது என்று பெரும்பான்மையான இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் தோழர் ஒருவர் நோயின் வேதனை தாங்காமல் தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு இறந்தார். அவருக்காக நபி (ஸல்) அவர்கள் பாவமன்னிப்புக் கேட்டுத் துஆச் செய்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இப்படி இறந்தவர் காஃபிராகிவிடுவதில்லை என்பதற்கு இமாம் நவவீ (ரஹ்) அதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பருவமடையாத பிள்ளையின் மீதும், அறிவு தடுமாறியவர் மீதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. இறந்த பிள்ளையின் உள்ளத்தில் அந்த நேரத்தில் எவ்வளவு அறிவு தெளிவாக இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? நாட்டின் சட்டம்கூட இதை உணர்ந்திருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்று பிழைத்தவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், முயன்றவரைத் தண்டிக்கும் பழைய பொதுப் பிரிவு இல்லை.

ஹராமை ஹலாலாக்க நான் சொல்லவில்லை. ஹராம் ஹராமே. அதை எச்சரிப்பதற்கு ஓர் இடமும் நேரமும் உண்டு. கிணற்றின் விளிம்பில் நிற்பவனைப் பார்த்துக் கிணற்றின் ஆழத்தை விவரிப்பது எச்சரிக்கையாகாது. அவன் கையைப் பிடித்துவிட்டுப் பேசவேண்டும்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடியவை சில உண்டு. பரீட்சை முடிவு வருவதற்கு முந்திய ஜும்ஆவில், தோல்வியுற்ற பிள்ளையையும் வீட்டார் அணைத்துக்கொள்ள வேண்டும் என்று பயான் செய்யலாம். முடிவு நாளில் பள்ளிவாசலில் ஒருவர் பிள்ளைகளுக்காகவே அமர்ந்திருக்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை ஒருவரை ஏற்பாடு செய்யலாம். துணைத் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்தலாம். அரசின் 104, மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ 14416, சிநேகாவின் 044-24640050 ஆகிய எண்களைத் தொழுகை நேரப் பலகையின் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவைவிடக் குறைவு.

அந்தப் பையனைப் பற்றிக் கூறிவிடுகிறேன். “தம்பி, இதை உன் அத்தாவிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மார்க்கத்தில் அனுமதியில்லை. ஆனால் நீ பக்கத்தில் இருக்கும்போதே சொல்கிறேன்” என்றேன். அழுதான், பிறகு தலையசைத்தான். தகப்பனார் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் மகனைக் கட்டிக்கொண்டு, “மார்க்கு கெடக்குதுப்பா, நீ வேணும் எனக்கு” என்று மட்டும் சொன்னார். அன்றிரவு மகனைத் தனியே விடாமல் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் முடிவு வந்தது. இயற்பியலில் தவறியிருந்தான். தகப்பனார் அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். துணைத் தேர்வு எழுதித் தேறினான்; அதே ஆண்டு கல்லூரியிலும் சேர்ந்தான். டாக்டராகவில்லை. ரமளானில் தராவீஹுக்கு வரும்போது என்னிடம் வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறான்.

அவன் உயிரை நான் காப்பாற்றினேன் என்று சொல்லமாட்டேன். காத்தவன் அல்லாஹ். ஆனால் அவன் காப்பதற்கு ஏற்படுத்திய ஸபபுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். தயங்கித் தயங்கி வந்த ஒரு கேள்வி, ஒரு தகப்பனாரின் அணைப்பு, ஒரு மருத்துவர், ஓர் அரசாணையால் வந்த துணைத் தேர்வு. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் என்னவாகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்று சூரா அல்மாயிதாவின் 32ஆம் வசனம் நமக்கு அறிவிக்கிறது. அந்தப் பேற்றைத் தனி மனிதருக்கு மட்டும் விட்டுவிடாமல் பள்ளிக்கூடங்களும் ஜமாஅத்துகளும் அரசும் பங்கிட்டுக்கொள்ளலாமல்லவா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியையும், நம் நாவுகளுக்கு மென்மையையும், பொறுப்பிலுள்ளோர்க்குப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்கும் செவியையும் தந்தருள்வானாக! ஆமீன்.